கடற்பசுவும் ஒரு மீனவக் குடும்பமும்: வளரிளம் பருவ நாவல் எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடலைக் காப்பதையும் குடும்பப் பாசத்தையும் ஒரே கதையில் வைத்து, ஒரு பிள்ளை ஆளாகும் நாவலை எழுத நினைப்பவர்களுக்கான பக்கம் இது. எடுத்துக்கொண்ட இடம் பாக் விரிகுடாவின் வடகரை: தஞ்சாவூர் மாவட்டத்து அதிராம்பட்டினத்திலிருந்து புதுக்கோட்டை மாவட்டத்து அம்மாபட்டினம் வரை. எடுத்துக்கொண்ட உயிர் கடற்பசு. மீனவர்கள் ஆவுளியா என்பார்கள்.

பவளப்பாறையும் தீவுகளும் உள்ள மன்னார் வளைகுடாவை விட்டுவிட்டு ஏன் இந்தக் கரை?

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். அங்கே வளரும் பிள்ளைக்குப் பாதுகாப்பு என்பது முதலில் ஓர் எல்லைக்கோடு: தீவில் இறங்காதே, பாறையைத் தொடாதே. அதிலும் நல்ல நாவல் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் அதிகாரிக்கும் ஊருக்கும் நடுவிலான கதையாகிவிடும்.

பாக் விரிகுடாவில் அப்படியொரு வேலி இல்லை. பெரும்பகுதி 10 மீட்டருக்கும் குறைந்த ஆழம். அடியில் கடற்புல், ஊர்ப்பேச்சில் தாழை. அப்பா நண்டுவலை விடும் அதே தண்ணீரில்தான் கடற்பசு மேய்கிறது. 2022 செப்டம்பரில் இந்தப் பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் கடலை இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அங்கே மீன்பிடிப்பு நிற்கவில்லை. 'பாதுகாப்பகம் வந்ததும் கடலுக்குப் போகத் தடை' என்று எழுதினால், கதையின் அடித்தளமே தவறிவிடும். விலங்குக்கும் வீட்டுக்கும் ஒரே தண்ணீர், ஒரே வலை என்பதுதான் இந்த இடம் நாவலுக்குத் தரும் கொடை.

ராமேசுவரம் பக்கத்தில் வடக்கே உள்ள பாக் விரிகுடாவைப் பெண் கடல் என்றும், தெற்கே உள்ளதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். பெண் கடல் என்பது பெரிய அலை இல்லை என்பதற்காக வந்த பெயர். கரையில் நின்று அலை ஓங்கி அறையும் காட்சியை ஆண்டு முழுவதும் எழுத முடியாது. வாடைக்காலத்தில் மட்டும் எழுதலாம்.

கடற்பசுவைப் பற்றி எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

இரண்டு பக்கக் குறிப்பு போதும். ஆனால் அந்த இரண்டு பக்கமும் சரியாக இருக்க வேண்டும்.

அது மீன் இல்லை, பாலூட்டி. மூச்சுவிட மேலே வந்தே ஆக வேண்டும். பெரும்பாலும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூக்குத்துளை மட்டும் தண்ணீருக்கு மேல் தெரியும், 'புஸ்' என்று ஒரு சத்தம் வரும், மறுபடி இறங்கிவிடும். டால்பின்போல் துள்ளாது. படகை நோக்கி நீந்தி வந்து விளையாடாது. கூச்சம் மிக்க உயிர். கண்ணில் பட்ட நாளைவிட, அது மேய்ந்த தடத்தைப் பார்த்த நாள்தான் கதாபாத்திரத்துக்கு அதிகம் கிடைக்கும். தாழைப் படுகையில் புல்லை வேரோடு பிடுங்கித் தின்றுகொண்டே போவதால், ஒரு சாண் அகலத்தில் வெறும் மணல் கோடுகள் வளைந்து வளைந்து கிடக்கும். தண்ணீர் தெளிந்த நாளில் அதைப் படகிலிருந்தே பார்க்கலாம். பிள்ளையும் அப்பாவும் சேர்ந்து அந்தத் தடத்தைப் பார்க்கும் ஓர் அத்தியாயம், விலங்கையே காட்டும் அத்தியாயத்தைவிட நன்றாக நிற்கும்.

வளர்ந்தது ஏறக்குறைய 3 மீட்டர் நீளம், 300, 400 கிலோ எடை. ஒரு நாளைக்கு 30, 40 கிலோ புல் தின்னும். 70 ஆண்டுவரை வாழக்கூடியது. இனி வருவதுதான் நாவலாசிரியருக்கு முக்கியம். சினைக்காலம் 13, 14 மாதம். ஒரு தடவைக்கு ஒரே குட்டி. குட்டி சில வாரங்களிலேயே புல்லைக் கடிக்கத் தொடங்கினாலும், ஒன்றரை ஆண்டுவரை பால் குடிக்கும். தாயின் முதுகை ஒட்டியே நீந்தும். அடுத்த குட்டிக்கு 3 முதல் 7 ஆண்டு ஆகும். பெண் பருவத்துக்கு வரவே 6 ஆண்டு முதல் 15 ஆண்டுக்கு மேலும் பிடிக்கும். ஒரு தாய் செத்தால், பால் மறக்காத குட்டியும் பிழைக்காது. இந்தியக் கடல் முழுவதிலும் எஞ்சியிருப்பவை சில நூறு என்றே மதிப்பிடுகிறார்கள். இவ்வளவு மெதுவாகப் பெருகும் இனத்தில் ஒரு வலை ஒரு தாயைக் கொன்றாலும் அது கணக்கில் தெரியும்.

ஓர் எச்சரிக்கை. இணையத்தில் கடற்பசு என்று தேடினால் வரும் படங்களில் பல, அமெரிக்கக் கரையோரத்து மானட்டீ என்ற உறவு விலங்கின் படங்கள். அதன் வால் துடுப்புபோல் வட்டமாக இருக்கும். நம் கடற்பசுவின் வால் திமிங்கிலத்தின் வால்போல் நடுவில் பிளந்திருக்கும். அட்டைப்படம் வரைபவருக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அட்டை தப்பினால், உள்ளே எழுதியதையும் அந்த ஊர்க்காரர் நம்பமாட்டார்.

வலையில் சிக்கும் காட்சியை எப்படி எழுதுவது?

கைப்பிரதிகள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. மாலையில் வலை விடுகிறார்கள், விடியற்காலை எடுக்கப் போகிறார்கள், உள்ளே கடற்பசு உயிரோடு தவிக்கிறது, பிள்ளை அழுகிறது, அப்பா அறுத்து விடுகிறார் என்று எழுதிவிடுகிறார்கள். நள்ளிரவில் சிக்கிய கடற்பசு விடியும்வரை உயிரோடு இருக்காது. மேலே வர முடியாவிட்டால் சில நிமிடங்களில் மூச்சு முட்டிச் செத்துவிடும். இரவு முழுவதும் கிடந்த வலையில் நீங்கள் எழுதக்கூடியது பெரும்பாலும் சாவுதான்.

உயிரோடு விடுவிக்கும் காட்சி வேண்டுமானால் மூன்று வழி உண்டு. முதலாவது கரைவலை. கரையிலிருந்து ஊரே நின்று இரண்டு முனையையும் இழுக்கும் வலை அது. கடைசி நேரம்வரை விலங்கால் மேலே வந்து மூச்சுவிட முடியும். ஊரே பார்க்கும் காட்சி என்பதால் மனிதர்களும் நிறையக் கிடைப்பார்கள். இரண்டாவது, வலையைவிட்டுப் போகாமல் பக்கத்திலேயே படகில் காத்திருப்பது. மூன்றாவது, ஆழம் குறைந்த இடத்தில் வலை தளர்ந்து, மூக்கு மட்டும் மேலே எட்டும்படி சிக்கியிருப்பது.

எந்த வலை என்பதும் முக்கியம். நண்டுவலை தரையை ஒட்டிக் கிடக்கும் தாழ்ந்த வலை, நூலும் மெல்லியது. முழு வளர்ச்சி பெற்ற கடற்பசு அதைக் கிழித்துக்கொண்டு போகக்கூடும். திருக்கைவலைக்குக் கண் பெரிது, நூல் தடிமன். முன்துடுப்பும் வாலும் அதில் நுழைந்தால் திமிறத் திமிற முறுக்கிக்கொள்ளும். சாவு வேண்டிய கதைக்குத் திருக்கைவலை பொருந்தும்.

விடுவிக்கும் வரிசை இது. முதலில் இன்ஜினை நிறுத்தி, விசிறியைத் தண்ணீரிலிருந்து மேலே தூக்குகிறார்கள். ஒருவர் வலையின் மேல்கயிற்றைத் தூக்கி விலங்கின் தலையைத் தண்ணீருக்கு மேல் கொண்டுவருகிறார். மூச்சுச் சத்தம் கேட்கும்வரை வேறு எதையும் செய்யக்கூடாது. இன்னொருவர் கத்தியின் முனை விலங்குக்கு எதிர்ப்பக்கம் பார்க்க, முன்துடுப்பைச் சுற்றிய நூலை முதலில் அறுக்கிறார். வாலைச் சுற்றியது கடைசியில். வாலை முதலில் விடுவித்தால் அது உதைக்கும். 300 கிலோ உடம்பின் உதையில் படகு சாயும், கை முறியும். வாலைப் பிடித்து இழுக்கக் கூடாது. படகில் ஏற்றவும் கூடாது, தண்ணீர் தாங்கிப் பிடிக்காதபோது உடம்பின் எடையே அதன் நுரையீரலை நெருக்கும். அறுத்த வலைத்துண்டை எண்ணிப் படகில் எடுத்துக்கொள்ள வேண்டும். கடலில் விட்டால் அந்த நைலான் துண்டு ஆண்டுக்கணக்கில் நண்டையும் மீனையும் பிடித்துக் கொன்றுகொண்டே கிடக்கும். பிறகு வனத்துறைக்குத் தகவல்.

பிள்ளை இந்த வரிசையில் எங்கே நிற்கிறது? கத்தியை அதன் கையில் கொடுத்து வீரச்செயலாக்க வேண்டாம். மேல்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பது பிள்ளையால் ஆகிற வேலை. கை எரியும், விட முடியாது. பக்கத்தில் அந்த மூச்சு. கூடவே, அப்பா அறுக்கும் ஒவ்வொரு கண்ணியும் எவ்வளவு பணம் என்று அதற்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அது தெரிய வேண்டுமானால் வீட்டுக் கணக்கு வேண்டுமே. பங்கு எப்படிப் பிரிப்பார்கள்?

ஊருக்கு ஊர் மாறும். பொதுவான முறை இது: மீன் ஏலம் போன தொகையில் எண்ணெய், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழிப்பார்கள். மீதியில் ஒரு பகுதி படகுக்கும் வலைக்கும், மறுபகுதி போனவர்களுக்கு. புரிவதற்காக ஒரு கணக்கு: ஏலம் 6,000 ரூபாய். செலவு 1,800. வியாபாரிக் கழிவு 600. மீதி 3,600. பாதி, அதாவது 1,800, படகுக்கும் வலைக்கும். மறுபாதியை மூன்று பேர் பிரித்தால் ஆளுக்கு 600. படகு அப்பாவுடையது, அண்ணனும் கூடப் போனான் என்றால் வீட்டுக்கு 3,000 வரும். மூன்றாவது ஆளான தாய்மாமனுக்கு 600.

இந்த 3,000 முழுவதும் அடுப்புக்கு வராது. வலை வாங்கவோ இன்ஜின் மாற்றவோ வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். வாங்கியவர் அந்த வியாபாரிக்கே மீன் போட வேண்டும், விலையும் அவர் சொல்வதுதான். வலை அறுந்தால் புது வலைக்கு மறுபடி முன்பணம், இன்னும் இறுக்கமான விலை. ஆக, கடற்பசுவுக்காக அறுத்த வலை அண்ணனின் கல்யாணத்தையோ அக்காவின் கல்லூரிக் கட்டணத்தையோ தள்ளிப்போடும். மாமனின் 600 ரூபாயும் போகிறது, அவரைக் கேட்காமலே. அன்று இரவு அம்மாவும் மாமனும் பேசிக்கொள்ளும் சொற்கள்தான் நாவலின் நடு அத்தியாயம்.

தொகைகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கதை நடக்கும் ஆண்டில் வலை ஒரு பீஸ் என்ன விலை, எண்ணெய் லிட்டர் என்ன விலை என்று கேட்டு எழுதுங்கள்.

அப்பாவைக் கடலுக்கு எதிரியாகக் காட்டினால் மோதல் கூடுமே?

மோதல் கூடும், உண்மை குறையும். அந்த அப்பா தாழையைப் பற்றி எந்த நூலையும்விட அதிகம் அறிந்தவர். எந்தத் தாழையில் ஓரா மீன் நிற்கும், எந்தக் காற்றுக்கு நண்டு ஏறும் என்பது அவர் சோறு. அவருக்கும் விலங்குக்கும் பொதுவான இழப்பு ஒன்று உண்டு. அடியை உழுது இழுக்கும் இழுவைமடி தாழையைப் பெயர்த்துவிடுகிறது. புல் போனால் கடற்பசுவுக்கும் மேய்ச்சல் இல்லை, நண்டுக்குஞ்சுக்கும் ஒதுங்க இடம் இல்லை. ஆனால் விசைப்படகுக்காரரையும் ஒரே வண்ணத்தில் பூசாதீர்கள். அண்ணன் கூலிக்குப் போவது அந்த விசைப்படகாகவே இருக்கலாம். ஒரே வீட்டில் அப்பா வல்லம் என்ற நாட்டுப்படகிலும் அண்ணன் விசைப்படகிலும் இருந்தால், தனியாக ஒரு வில்லன் தேவைப்படாது.

வாரமும் மாதமும் எப்படி ஓடும்?

இந்தக் கரையில் விசைப்படகுகள் போவது திங்கள், புதன், சனி. மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. ஆகவே மேலே சொன்ன வீட்டில் அப்பாவும் அண்ணனும் ஒரே நாளில் கடலில் இருப்பது அரிது. ஒருவர் கரையில், ஒருவர் தண்ணீரில். இதை மட்டும் வைத்தே ஒரு பிளவை வளர்க்கலாம்.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். 2017-க்கு முன் 45 நாள்தான். தடை விசைப்படகுகளுக்கு. வல்லமும் பைபர் படகும் கரையோரம் போகும். 'தடைக்காலத்தில் கடலில் ஒரு படகும் இல்லை' என்று எழுதிவிடாதீர்கள். பள்ளிக் கோடை விடுமுறையும் அதே நாட்களில் வருவது உங்களுக்குச் சாதகம். அண்ணன் வீட்டில் இருக்கிறான், வலை பொத்துகிறான், பிள்ளைக்கு அவனோடு பேச நேரம் இருக்கிறது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடை. கடல் கலங்கும், தாழை தெரியாது, வருமானம் படுக்கும். பாக் விரிகுடா சீறுவது அப்போதுதான். தென்மேற்குக் காற்றுக்காலத்தில் மன்னார் வளைகுடா கொந்தளிக்கும்போது இந்தப் பக்கம் அடங்கிக் கிடக்கும். இரண்டையும் மாற்றி எழுதியவர்கள் உண்டு.

கதையை எந்த ஆண்டுகளில் வைப்பது?

2006-ல் பிறந்த பிள்ளை என்று வைத்துப் பாருங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறியபோது வயது 12. மல்லிப்பட்டினம் துறைமுகத்தில் படகுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. உள்ளே தென்னந்தோப்புகள் சாய்ந்தன. கடலும் தென்னையும் ஒரே இரவில் போன குடும்பங்கள் இந்தக் கரையில் உண்டு. முன்பணக் கடன் ஏன் இவ்வளவு ஏறியது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். 2020 ஊரடங்கில் வயது 14: பள்ளி இல்லை, ஏலக்கூடம் இல்லை. 2022-ல் பாதுகாப்பகம் அறிவித்தபோது 16. பத்தாம் வகுப்பு முடிந்து, படிப்பா கடலா என்று வீடு கேட்கும் வயது. நாலே ஆண்டில் ஒரு வளரிளம் பருவம் முழுதாக அடங்கிவிடுகிறது.

2004 சுனாமியைக் கொண்டுவர ஆசைப்படுவார்கள். நாகப்பட்டினம் அளவுக்கு இந்தக் கரை அடிபடவில்லை. இலங்கை மறைத்து நின்றது. நாகையில் வாழ்க்கைப்பட்ட ஓர் அத்தையின் வழியாக வேண்டுமானால் அது வரலாம்.

பெண் பிள்ளை நாயகியாக இருந்தால் கடலுக்குப் போக முடியுமா?

இந்தப் பகுதியில் பெண்கள் படகில் மீன் பிடிக்கப் போவது அரிது. அதை உடைத்துக்கொண்டு போவதாக எழுதலாம், ஆனால் அது ஊரில் எழுப்பும் பேச்சையும் சேர்த்து எழுத வேண்டும். அதற்கு முன், கரையில் அவளுக்கு இருக்கும் வேலையைப் பாருங்கள். விடியலில் நண்டுவலை கரைக்கு வந்ததும் அம்மா, அப்பத்தா, பிள்ளைகள் எல்லாரும் உட்கார்ந்து நண்டு கழற்றுவார்கள். கால் ஒடிந்தால் விலை குறையும். கொடுக்கைப் பிடிக்கும் விதம் தெரியாவிட்டால் விரல் கிழியும். வேகமான கை உள்ள பெண் அந்த வீட்டின் வருமானத்தைத் தன் விரலில் வைத்திருக்கிறாள்.

அங்கேயே பாதுகாப்பும் வந்துவிடுகிறது. வயிற்றடியில் முட்டைப் பொதியோடு வரும் சினை நண்டு. முட்டை முதலில் மஞ்சளும் ஆரஞ்சுமாக இருக்கும், பிறகு பழுப்பு, பொரியும் தறுவாயில் கருஞ்சாம்பல். ஒரு பொதியில் லட்சக்கணக்கில் முட்டை. கறுத்த பொதியுள்ள நண்டைக் கடலில் விட்டால் சில நாட்களில் குஞ்சு இறங்கும். ஆனால் எடை உள்ள நண்டு அது, காசு. யாரும் பார்க்காதபோது அவள் ஒன்றைத் தண்ணீரில் விடுகிறாள், அப்பத்தா பார்த்துவிடுகிறார். கடற்பசுவுக்கு நூறு பக்கம் முன்னால் இந்தச் சின்ன நிகழ்ச்சி வந்தால், பின்னால் வரும் பெரிய முடிவு வானத்திலிருந்து விழுந்ததுபோல் இருக்காது.

கடலுக்குள் இறங்கும் பெண்களே வேண்டுமென்றால் கதையைத் தெற்கே பாம்பன் பக்கம் கொண்டுபோக வேண்டும். அங்கே பாசி எடுக்கும் பெண்கள் கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றி மூழ்குகிறார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மாதம் 12 நாள் மட்டும் எடுப்பது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015-ல், தீவுகளின் சூழலைக் காக்கும் சீகாலஜி என்ற அமைப்பின் விருது கிடைத்தது இதற்காகத்தான். அது தனி நாவலுக்கான பொருள், இதில் ஒரு கிளையாகத் திணிக்க வேண்டாம்.

தாத்தா கடற்பசு இறைச்சி தின்றவர் என்று எழுதலாமா?

எழுதுங்கள். ஒரு காலத்தில் இந்தக் கரையில் அது விருந்து. ஒன்று கிடைத்தால் பங்கு போட்டு, உறவுகளுக்குக் கொடுத்தனுப்பினார்கள். தாத்தாவுக்கு அந்த நினைவு பாசத்தின் நினைவு: தன் அப்பா கையால் ஊட்டிய கறி. அதைப் பிள்ளை அருவருப்போடு கேட்டால் தாத்தா வாயை மூடிக்கொள்வார், நாவலும் ஊமையாகும். அவர் பார்த்த காலத்தில் எத்தனை இருந்தன, எந்தத் துறையில், எந்த மாதத்தில் என்று பிள்ளை கேட்கட்டும். கடற்பசு குறைந்த வரலாற்றை எண்களில் சொல்வதைவிட, 'நாங்க சின்னப்புள்ளையா இருக்கும்போது' என்று தாத்தா தொடங்கும் ஒரு வாக்கியத்தில் சொல்லலாம்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடற்பசு இருக்கிறது. வேட்டைக்கும் விற்பனைக்கும் 3 முதல் 7 ஆண்டுச் சிறை. அபராதம் முன்பு குறைந்தது 10,000 ரூபாய். 2022 திருத்தம் நடைமுறைக்கு வந்த 2023 ஏப்ரல் 1 முதல் 25,000. தற்செயலாகச் சிக்கியதை விடுவிப்பவரை யாரும் தண்டிப்பதில்லை, வனத்துறை பாராட்டி வெகுமதியும் கொடுத்திருக்கிறது. ஆனாலும் செத்தது வலையில் கிடந்தால், விசாரணைக்குப் பயந்து சத்தமில்லாமல் கடலில் தள்ளிவிட நினைப்பது மனித இயல்பு. அப்பா அப்படிச் செய்து, பிள்ளை அதைப் பார்த்துவிட்டால், அந்த ரகசியத்தோடு இருவரும் ஒரே தட்டில் சாப்பிட வேண்டியிருக்கிறது.

உறவுமுறைச் சொற்களில் எங்கே கவனம் வேண்டும்?

ஒரே கரையில் பல சமூகங்கள். அதிராம்பட்டினத்து முஸ்லிம் வீட்டில் வாப்பா, உம்மா, காக்கா, ராத்தா. சில மைல் தள்ளி உள்ள இந்து மீனவ வீட்டில் அப்பா, அம்மா அல்லது ஆத்தா, அப்பத்தா, அம்மாச்சி, மதினி. எந்த வீடு என்று முதலில் முடிவுசெய்யுங்கள், பிறகு கலக்காதீர்கள். படகில் போகிறவர்கள் பெரும்பாலும் மாமன் மச்சான், பங்காளி. ஆகவே வேலைச் சண்டை எதுவும் வேலைச் சண்டையாக நிற்காது. மாமனைப் படகைவிட்டு அனுப்பினால் அடுத்த காதுகுத்துக்குச் சீர் வராது.

பிள்ளை அப்பாவை எதிர்த்துப் பேசும் இடத்தில் நகரத்துச் சண்டையின் தொனி வேண்டாம். 'அறுத்து விட்ருங்கப்பா' என்பதற்கு மேல் நீண்ட வாதம் அந்தப் படகில் நடக்காது. பெரும்பாலான வாதம் அம்மா வழியாகப் போகும். 'உங்கப்பாட்ட நீயே சொல்லு' என்று அம்மா மறுக்கும் நாள், பிள்ளை ஒரு படி வளர்ந்த நாள்.

பாதுகாப்புத் தகவல்களைப் பாடம்போல் இல்லாமல் எப்படி நுழைப்பது?

ஆசிரியரோ அதிகாரியோ எழுந்து நின்று விளக்கும் காட்சியை ஒன்றுக்கு மேல் வைக்காதீர்கள். அந்த ஒன்றிலும் யாராவது குறுக்கிடட்டும். மீதியைச் செயலாக மாற்றுங்கள். இந்திய வன உயிரின நிறுவனத்தின் கடற்பசுத் திட்டத்தில் மீனவர் வீட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுத்தார்கள். பிள்ளைக்கு அந்த உதவித்தொகை, அப்பா வலையில் செத்த கடற்பசு: விளக்கவே வேண்டாம், வாசகருக்கு மூச்சு நிற்கும்.

தாழை நடுவதையும் செயலாக எழுதலாம். மூங்கில் சட்டம் செய்து, குறுக்கே தேங்காய்நார்க் கயிறு கட்டுவார்கள். அடர்ந்த படுகையிலிருந்து அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்த தாழைத் தண்டுகளை, வேர்த்தண்டோடு, சணல் நூலால் அந்தக் கயிற்றில் கட்டுவார்கள். சட்டத்தை வெறும் மணல் உள்ள அடியில் பதித்து அசையாமல் குத்துவார்கள். மூங்கிலும் நாரும் ஏன் என்றால், வேர் பிடித்தபின் அவை தாமே மக்கிவிடும். நைலானும் இரும்பும் குப்பையாக நிற்கும். தண்டை வெயிலில் வைத்தால் சில நிமிடங்களில் வாடிவிடும். எப்போதும் கடல்நீரில் நனைந்திருக்க வேண்டும். தவறுவது எங்கே? வாடைக்கு முன்னால் நட்டால் கலங்கல் நீரில் வெளிச்சம் இல்லாமல் அழுகும். ஒரே இடத்திலிருந்து அள்ளி எடுத்தால் அங்கே வழுக்கை விழும். இழுவைமடி ஒரு தடவை அந்த வழியாகப் போனால் சட்டம் எதுவும் மிஞ்சாது. அண்ணன் வேலைசெய்யும் விசைப்படகு அது என்றால், மேலே நான் சொல்ல ஒன்றும் இல்லை.

கடல் ஆமையும் சேர்க்கலாமா?

வேண்டாம் என்போம். இரண்டு விலங்கு இருந்தால் கவனம் பிரியும். சேர்த்தே தீருவேன் என்றால்: பங்குனி ஆமை முட்டையிடுவது பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை, ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல், பொரிய 45 முதல் 60 நாள். எடுத்து இடம் மாற்றும்போது முட்டையைப் புரட்டக் கூடாது, உள்ளே கரு செத்துவிடும்.

இலங்கைப் பக்கத்தைத் தொடாமல் இருக்க முடியுமா?

முடியும், ஆனால் விசைப்படகு அண்ணனை எழுதினால் கடினம். 1974 உடன்பாட்டின் எல்லைக்கோடு இந்தக் கடலில்தான் ஓடுகிறது. இலங்கை 2017-ல் இழுவைமடியைச் சட்டத்தால் தடுத்தது. கைதாகும் தமிழ்நாட்டு மீனவரின் வீடு நமக்குத் தெரியும். மறுகரையில் இழுவைமடியில் வலை அறுபடும் யாழ்ப்பாணத்து, மன்னார் மீனவ வீடும் தமிழ் வீடுதான், அங்கேயும் ஒரு பிள்ளை நண்டு கழற்றுகிறது. அண்ணன் திரும்பி வந்து அந்த வலையைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அரசியல் உரை தேவையில்லை.

முடிவில் கடற்பசு பிழைக்க வேண்டுமா?

இரண்டுமே சரி, விலை கொடுத்தால். பிழைத்தால் வலை போயிருக்க வேண்டும், கடன் ஏறியிருக்க வேண்டும், மாமன் ஒரு மாதமாவது பேசாமல் இருக்க வேண்டும். பாராட்டு விழாவில் சால்வை போர்த்தி எல்லாம் சரியாகும் முடிவு வேண்டாம். சால்வையை எழுதலாம், மறுநாள் வியாபாரி வந்து வாசலில் உட்காருவதையும் எழுதினால்.

செத்தால், வனத்துறையும் கால்நடை மருத்துவரும் வந்து கரையிலேயே உடற்கூறு ஆய்வு செய்து புதைப்பார்கள். கடற்பசுவின் தந்தப் பல்லில் உள்ள வளையங்களை எண்ணி வயது சொல்ல முடியும். அந்த வயது தாத்தாவின் வயதுக்குப் பக்கத்தில் வந்தால், அதை யாரும் வாய்விட்டுச் சொல்லாமல் விடுங்கள்.

எழுதி முடித்ததை யாரிடம் காட்டுவது?

மூன்று பேரிடம், தனித்தனியாக. வல்லத்தில் போகும் ஒருவர் வலை, காற்று, கிழமை பார்ப்பார். நண்டு கழற்றும் ஒரு பெண் வீடும் பேச்சும் பார்ப்பார். கடல் உயிரியல் படித்தவர் விலங்கைப் பார்ப்பார். படிக்க நேரமோ பழக்கமோ இல்லாதவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள், கரையில் வலை பொத்தும் நேரம் அதற்குத் தோது. அவர் கை நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தவறு அங்கே இருக்கும், அல்லது நன்றாக வந்திருக்கும். எது என்று அவரே சொல்வார்.